ஒரு பாலு = 160 ஜி.பி.

கொள்ளளவு பெரிய பாட்டுப்பெட்டி ஒன்றைக் கையில் வைத்திருப்பவரைப் பார்த்து ஊர் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "இத்தனையையும் எப்போ சார் கேட்டு முடிக்கப் போறீங்க?" 2007 செப்டம்பரில் ஆப்பிள் நிறுவனம் 160 ஜி.பி. ஐபாட் கிளாசிக்கை இறக்கியபோது இதைக் கேட்டார்கள். 2014 செப்டம்பரில் அதைச் சத்தமில்லாமல் கடையிலிருந்து எடுத்தபோது, "பாருங்கோ, அவாளுக்கே புரிஞ்சுடுத்து" என்றார்கள். இதே ஊர்தான் முகூர்த்த மாதம் தவறாமல் பனகல் பார்க்கைச் சுற்றியுள்ள பட்டுக்கடைகளை மொய்க்கிறது. பீரோவில் இருக்கிற புடவைகளையெல்லாம் எப்போது கட்டி முடிப்பீர்கள் என்று எந்த வீட்டு அம்மாளிடமாவது கேட்டுவிட்டு ஒருவர் நலமாக வெளியே வந்ததாகத் தகவல் இல்லை. பாட்டுக்கு மட்டும் கணக்குக் கேட்கிறார்கள். கேட்கட்டும், பதிலும் கணக்கிலேயே இருக்கிறது. மயிலாப்பூர், தி.நகர், அடையாறு என்ற முக்கோணத்துக்குள் வசிக்கும் சங்கீதப் பைத்தியங்களுக்கு அந்த 160 ஜி.பி. பேராசையே அல்ல, பற்றியும் பற்றாத அளவுதான் என்பது என் கட்சி.

முதலில் சினிமாப் பாட்டு. 160 ஜி.பி.யில் 40,000 பாட்டு கொள்ளும் என்று விளம்பரம் சொன்னது. பாட்டுக்கு நான்கு நிமிடம் என்ற கணக்கு. எஸ்.பி. பாலசுப்பிரமணியம் பாடியவை எத்தனை என்று கேட்டால் வழக்கமாகச் சொல்லப்படும் எண்ணிக்கையும் 40,000தான். ஆக, கலிபோர்னியாவில் உட்கார்ந்திருந்த பொறியாளர்கள் தங்களுக்கே தெரியாமல் மிகச் சரியாக ஒரு பாலு கொள்ளளவில் ஒரு பெட்டியைச் செய்திருக்கிறார்கள். இதையே அளவையாக வைத்துக்கொண்டால் பல விஷயங்கள் சுலபமாகிவிடும். 2016-இல் கின்னஸ் ஏடு பி. சுசீலாவுக்கு எண்ணிக் கொடுத்த 17,695 பாடல்கள் அரை பாலுவுக்குச் சற்றுக் குறைவு. 2001 அக்டோபர் 23 அன்று அறிமுகமான முதல் ஐபாட் 5 ஜி.பி., ஆயிரம் பாட்டு, அதாவது பழைய வாய்ப்பாட்டுக் கணக்கில் அரைமா பாலு. (அதே அக்டோபர் 23-இல், 1966-ஆம் வருடம், எம்.எஸ். சுப்புலட்சுமி ஐ.நா. சபையில் பாடினார். ஜோசியர்கள் குறித்துக்கொள்ளலாம்.) அந்த அரைமாவில் இளையராஜாவை ஏற்ற முயன்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? படத்துக்கு ஐந்து பாட்டு என்றால் இருநூறு படத்தோடு பெட்டி நிரம்பிவிடும். 1976-இல் 'அன்னக்கிளி'யில் தொடங்கியவருக்கு 1980-இல் 'மூடுபனி' நூறாவது படம். எண்பதுகளின் நடுப்பகுதியைக்கூட எட்டாமல் பெட்டி கையை விரித்திருக்கும். ராஜா ரசிகர்கள் பாலுவை அளவையாக வைத்ததற்காகச் சண்டைக்கு வர வேண்டாம். நான் அளப்பது இடத்தை, தகுதியை அல்ல.

சரி, கேட்டு முடிக்க முடியுமா என்ற கேள்விக்கு வருவோம். முடியாது என்று சொல்பவர்கள் யாரும் வகுத்துப் பார்த்ததில்லை. 128 கிலோபிட் தரத்தில் பதிந்தால் 160 ஜி.பி. என்பது ஏறக்குறைய ஒரு கோடி விநாடி. கோடி என்றதும் மூச்சு முட்டுகிறது, ஆனால் அது 2,800 மணி நேரத்துக்கும் குறைவுதான். காலையில் நாகேஸ்வர ராவ் பார்க்கில் ஒரு மணி நேரம், ராத்திரி தூக்கம் வரும்வரை ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொண்டால்கூட நான்கு வருடத்துக்குள் முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை வந்துவிடலாம். நான்கு வருடம் என்ன பெரிய காலம்? மாமியாரும் மருமகளும் ஒரே சமையலறைக்காகச் சண்டை போடும் டி.வி. தொடர்கள் அதைவிட நீளமாக ஓடுகின்றன, அவற்றை எப்போது பார்த்து முடிப்பீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. இன்னும் வலுவான சாட்சி வேண்டுமென்றால் பேரப்பிள்ளை பார்க்க அமெரிக்கா போகும் தாத்தாக்கள் இருக்கிறார்கள். ஆறு மாதம். பிள்ளையும் மருமகளும் காலையில் காரில் ஏறிப் போய்விடுவார்கள். கார் இல்லாமல் தெருமுனைக்கும் போக முடியாது. ஹிந்து பேப்பர் கிடையாது, மாட வீதி கிடையாது, வம்புக்கு ஆள் கிடையாது. நாளுக்கு எட்டு மணி நேரம் கேட்டால் ஆறு மாதத்தில் பெட்டியில் பாதி தீர்ந்துவிடும். 2007 மாடலுக்கு ஒரு சார்ஜில் 40 மணி நேரம் ஓடும் என்று சொன்னார்கள். மீனம்பாக்கத்தில் ஏறி, நடுவில் ஏதோ ஒரு விமான நிலையத்தில் பாதி ராத்திரி முழித்திருந்து, நியூஜெர்ஸியில் இறங்கி, மருமகள் கொடுத்த காபியைப் பற்றிக் கருத்து எதுவும் சொல்லாமல் படுக்கும்வரை தாராளமாகத் தாங்கும்.

கர்நாடக சங்கீதத்துக்குப் போனால் நிலைமை இன்னும் மோசம், அதாவது என் கட்சிக்கு இன்னும் சாதகம். அங்கே பாட்டுக்கு நான்கு நிமிடம் என்ற கணக்கே செல்லாது. அந்தக் காலத்து 78 சுற்று இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்றேகால் நிமிடம் போல இடம் இருந்ததால் பெரிய பெரிய வித்வான்களெல்லாம் கிருதியை அவசர அவசரமாகப் பாடிவிட்டு எழுந்தார்கள். அந்தக் கொடுமையிலிருந்து விடுபட்ட பிறகு ஒரு தோடி ஆலாபனையை மட்டும் இருபத்தைந்து நிமிடத்துக்குள் முடிக்கும்படி யாரும் யாரையும் கேட்டுக்கொள்ள முடியாது. ஒரு கச்சேரி இரண்டரை மணியிலிருந்து மூன்று மணி நேரம் என்றால் 160 ஜி.பி.யில் ஆயிரம் கச்சேரிதான் அடங்கும். மியூசிக் அகாடமி, நாரத கான சபா, கிருஷ்ண கான சபா, வாணி மகால் என்று ஒரே மார்கழியில் சென்னையில் நடப்பவையே ஆயிரத்தைத் தாண்டும் என்பார்கள். ஒரு சீசனுக்கே போதாத பெட்டியைப் பார்த்து 'இத்தனையா' என்றால் கேட்பவருக்குச் சபாப் பழக்கம் இல்லை என்று அர்த்தம்.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். கேட்டு முடிக்க முடியும் என்று நான் நிரூபித்தாலும், உண்மையில் யாரும் கேட்டு முடிப்பதில்லை. முடிப்பதற்காகச் சேர்ப்பதும் இல்லை. எதிர்க்கட்சி தடுமாறுகிற இடம் இதுதான். உயர் நீதிமன்ற வக்கீல் அறையில் சுவர் முழுக்கத் தடித்தடியாகத் தீர்ப்புத் தொகுப்புகள் அடுக்கியிருக்கும். முதல் தொகுதியிலிருந்து கடைசித் தொகுதிவரை படித்தீர்களா என்று கட்சிக்காரர் கேட்பதில்லை. வேண்டிய நேரத்தில் வேண்டிய தீர்ப்பை எடுத்துக் காட்டத் தெரிந்தால் போதும். மயிலாப்பூர் ரசிகருக்குப் பாட்டுப்பெட்டியும் அப்படித்தான், அது ஆதாரக் கிடங்கு. "ஒரே 'கத்தனுவாரிகி' இருபது பேர் பாடினது எதுக்கு?" என்று வீட்டில் கேட்கிறார்கள். சபா கேன்டீனில் கீரை வடைக்காக நிற்கும் வரிசையில், இன்னார் அந்தக் காலத்தில் அதற்கு நிரவலே செய்ததில்லை என்று ஒருவர் அடித்துச் சொல்லும்போது, பின்னால் நிற்பவர் சட்டைப்பையில் கைவிட்டு, சக்கரத்தைத் திருகி, இயர்போனின் ஒரு முனையை அவர் காதில் செருகுவாரே, அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் மீதி பத்தொன்பது. அந்த வரிசையில் ஒருவர் தோற்றதை ஒப்புக்கொண்டு நான் பார்த்ததில்லை. "இது வேற வருஷம்" என்பார். அதற்குப் பதில் சொல்ல இன்னும் கொஞ்சம் ஜி.பி. வேண்டும்.

எனவே என் குறை கொள்ளளவைப் பற்றி அல்ல, அதை வைத்துக்கொண்டு அந்தப் பெட்டி செய்த நிர்வாகத்தைப் பற்றி. பாடகர், ஆல்பம், பாட்டு, வகை என்று நான்கு கட்டங்களைப் போட்டு, உலகத்து இசை முழுவதும் இதற்குள் அடங்கிவிடும் என்று நம்பினார்கள். பாடகர் என்ற கட்டத்தில் செம்மங்குடி என்று எழுதிவிட்டால், பக்கத்தில் மிருதங்கம் வாசித்த பாலக்காடு மணி அய்யரை எங்கே உட்கார வைப்பது? மணி அய்யருக்காக மட்டுமே கச்சேரிக்குப் போன ஒரு கூட்டம் இந்த ஊரில் இருந்தது, அவர்கள் யாரைத் தட்டித் தேடுவார்கள்? இயற்றியவர் என்று ஒரு கட்டம் உண்டுதான், ஆனால் அதில் தியாகராஜர் என்று போட்டால் பெட்டியில் பாதி அவர் பெயரில் வந்து நிற்கும். ராகத்துக்குக் கட்டமே இல்லை. 'வகை' என்ற கட்டத்தில் ராக், ஜாஸ் என்று வெள்ளைக்காரர்கள் எழுதும் இடத்தில் காம்போதி, பைரவி என்று எழுதிக்கொள்வதுதான் நம்மவர்களுக்கு அகப்பட்ட வழி. ஆங்கில எழுத்தில் தோடியை மூன்று விதமாக எழுதலாம் என்பதால் ஒரே ராகம் மூன்று இடத்தில் பிரிந்து, சொத்துத் தகராறு வந்த அண்ணன் தம்பிகளைப் போல ஒருவரையொருவர் தெரியாமல் வாழும். இவற்றுக்கெல்லாம் மேலே, சி.டி.யிலிருந்து பெயர் எதுவும் ஒட்டாமல் இறங்கிய 'ட்ராக் 01'கள். ஒரு சராசரி பெட்டியில் இவை நூற்றுக்கணக்கில் இருக்கும், எல்லாம் வர்ணம்.

கலைத்துப் போடும் பொத்தானைப் பற்றிச் சொல்லாமல் விடுவது பாவம். பாப் இசைக்காரர்கள் கொண்டாடிய வசதி அது. நம்மூர்ப் பெட்டியில் அதை அழுத்தினால் முதலில் மங்களம் பாடி முடித்துவிட்டு, அடுத்து ஒரு தனி ஆவர்த்தனம், அதன்பின் எந்த ராகத்தினுடையது என்று தெரியாத ஒரு தானம், பிறகு வர்ணம் வரும். சபாக்காரர்கள் பார்த்தால் செயலாளரை ராஜினாமா செய்யச் சொல்வார்கள். ராகம், தானம், பல்லவி மூன்றையும் மூன்று ட்ராக்காக வெட்டியிருந்தால் ஒவ்வொன்றுக்கும் நடுவில் பழைய பெட்டிகள் ஒரு கணம் மூச்சு விட்டுக்கொள்ளும். இடைவெளி விடாமல் ஓட்டும் வசதி 2006-இல்தான் வந்தது. ஒரு விஷயத்தில் மட்டும் பெட்டி நம் மரபை முழுமையாகப் புரிந்துகொண்டிருந்தது. தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் எழுந்து கேன்டீனுக்குப் போகும் பழக்கத்துக்கு ஈடாக, 'அடுத்தது' என்ற பொத்தானைக் கட்டைவிரலுக்கு நேர் கீழே வைத்திருந்தார்கள்.

பெட்டியின் இன்னொரு குணம், தன்னிடம் கொடுத்ததைத் திருப்பிக் கொடுக்காது. உள்ளே போகும் ஒவ்வொரு பாட்டுக்கும் நான்கு எழுத்தில் ஒரு அர்த்தமில்லாத பெயரைச் சூட்டி, வரிசை எண் போட்ட ஃபோல்டர்களில் பிரித்துப் போட்டுவிடும். ஐட்யூன்ஸ் கடையில் வாங்கியதைத் தவிர மற்றதை அதன் வழியாக வெளியே எடுக்க வழி வைக்கவில்லை. அதைவிட ஆபத்து, வேறு கம்ப்யூட்டரில் செருகுவது. டிசம்பர் லீவுக்கு அட்லாண்டாவிலிருந்து வந்திருக்கும் அக்கா பிள்ளை, "மாமா, குடுங்கோ, புதுசா நாலு ஆல்பம் போட்டுத் தரேன்" என்று வாங்கித் தன் லேப்டாப்பில் செருகுவான். இந்தப் பெட்டி வேறொரு தொகுப்போடு இணைந்திருக்கிறது, இதை அழித்துவிட்டு இங்குள்ளதைப் போடட்டுமா என்று திரையில் ஒரு கேள்வி வரும். மென்பொருள் கேட்கும் கேள்வியைப் படித்துப் பார்த்துப் பதில் சொல்வது அந்தத் தலைமுறையின் வழக்கம் அல்ல. அரைமணி நேரத்தில், முப்பது வருடத்து ஆகாசவாணி சனிக்கிழமை இரவுக் கச்சேரிகள் இருந்த இடத்தில் அமெரிக்க ராப் நான்கு ஆல்பம் இருக்கும். இதை வைத்துப் பெரிய பெட்டியே கூடாது என்று வாதிப்பவர்கள் உண்டு. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்தால் எல்லாம் ஒரே இடத்தில் போகும் என்பார்கள். சரியான வாதம்தான், ஆனால் அது இரண்டாவது பெட்டி வாங்குவதற்கான வாதம்.

இப்போதைய எதிர்ப்பு வேறு: கையில் போன் இருக்கிறது, உலகத்துப் பாட்டெல்லாம் அதில் ஓடையாக வருகிறது, தனிப்பெட்டி எதற்கு? முதலில் அந்த போனில் இடம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். குடும்ப வாட்ஸ்ஆப் குழுக்கள் இரண்டு, அடுக்குமாடிச் சங்கம் ஒன்று, பள்ளி நண்பர்கள் ஒன்று. தினமும் சூரியன், ரோஜாப்பூ, பிள்ளையார், காலை வணக்கம். சேமிப்பிடம் தீர்ந்துவிட்டது என்று போன் கதறுவது சங்கீதத்தால் அல்ல. அடுத்தது, ஓடையில் வருவதை ஓடையின் இஷ்டப்படிதான் கேட்க வேண்டும். காம்போதி ஆலாபனை மேல் ஸ்தாயியை எட்டி, வித்வான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிற அந்த இடத்தில் பல் கூச்சத்துக்கு ஒரு பற்பசை வரும். காசு கட்டினால் பற்பசை வராது, உண்மை. ஆனால் போன மாதம் கேட்ட கச்சேரி இந்த மாதம் இருக்கும் என்பதற்குக் காசு கட்டினாலும் உத்தரவாதம் கிடையாது. ஏற்றியவர் எடுத்துவிடுவார், உரிமைக்காரர் எடுக்கச் செய்வார். பெட்டியில் இருப்பதை எடுக்க அக்கா பிள்ளை ஒருவனால்தான் முடியும், அவனும் வருடத்துக்கு ஒரு தரம்தான் வருகிறான்.

இதைவிட யோசிக்க வேண்டிய எதிர்ப்பு கார்வான். பழைய கிராமபோன் கம்பெனி, நாய் குழாய் முன் உட்கார்ந்திருக்குமே அதன் இன்றைய வடிவமான சரிகம நிறுவனம், 2017-இல் பழைய ரேடியோ மாதிரி ஒரு பெட்டியைச் செய்து 5,000 பாட்டை உள்ளேயே நிரப்பி விற்றது. தமிழிலும் வந்தது. நம் அளவையில் அரைக்கால் பாலு. அடையாறு ஃபிளாட்டுகளில் அப்பா அம்மாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு வெளிநாட்டுப் பிள்ளைகள் வாங்கிக் கொடுத்தார்கள். சேர்க்க வேண்டாம், பெயர் எழுத வேண்டாம், கம்ப்யூட்டரில் செருக வேண்டாம், குமிழைத் திருகினால் டி.எம்.எஸ். பாடுவார். மனிதர்களுக்குத் தேவை கொள்ளளவு அல்ல, தொல்லையில்லாமைதான் என்று இதைக் காட்டிச் சொல்கிறார்கள். நான் பாதி ஒப்புக்கொள்கிறேன். சமையல் செய்துகொண்டே கேட்பதற்கு அதற்கு இணையே இல்லை. ஆனால் முதலில் வந்த அந்தப் பெட்டியில் பாடகரை, இசையமைப்பாளரைத் தேர்ந்தெடுக்கலாமே தவிர, 'இந்தப் பாட்டு' என்று அதனிடம் கேட்க முடியாது. அடுத்தது, அடுத்தது என்று அழுத்திக்கொண்டே போக வேண்டும். கடைசியில் வேண்டிய பாட்டு வரும்போது விரல் பழக்கதோஷத்தில் அதையும் தாண்டிவிடும். வடக்கு மாட வீதிக் கடைகளில் கிடைக்கும் மந்திரப் பெட்டி அந்தத் தொல்லையும் இல்லாதது. பிளக்கில் செருகினால் ஒரே மந்திரம், நாள் முழுக்க, கரண்ட் போகும்வரை. தொல்லையில்லாமைதான் லட்சியம் என்றால் அங்கேயே நின்றிருக்கலாம், 5,000 எதற்கு?

கடைசி எதிர்ப்பு தர்மத்தைப் பற்றியது. ஆயிரம் கச்சேரி பெட்டிக்குள் எப்படி வந்தது? வேஷ்டி மடிப்பில் ரெக்கார்டரை ஒளித்துக்கொண்டு போய்ப் பதிந்ததும், இவரிடமிருந்து அவர் பிரதி எடுத்ததும் இருக்கத்தானே செய்கிறது? இருக்கிறது. இன்று பாடிக்கொண்டிருக்கும் கலைஞரின் கச்சேரியை அவர் அனுமதி இல்லாமல் பதிவதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். அவர்களுக்குச் சேர வேண்டிய காசு சேர வேண்டும், அவர்கள் விற்பதை வாங்க வேண்டும். ஆனால் ரேடியோவின் முன் டேப்ரெக்கார்டரை வைத்துக்கொண்டு, வீட்டில் யாரையும் தும்மவிடாமல் காத்த மனிதர்களை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. மியூசிக் அகாடமியில் டாக் (TAG) பெயரில் டிஜிட்டல் கேட்பகம் இருக்கிறது. அங்கே போய் உட்கார்ந்து ஆயிரக்கணக்கான மணி நேரத்துப் பதிவுகளைக் கேட்கலாம், வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. அது ரொம்ப நியாயமான ஏற்பாடு. ராத்திரி பதினொன்றரை மணிக்குச் சந்தேகம் வருபவர்களுக்குத்தான் உதவாது.

ஆப்பிள் கிளாசிக்கை ஏன் நிறுத்தியது என்று அப்போது அதன் தலைமை நிர்வாகியாக இருந்த டிம் குக்கைக் கேட்டபோது, அதற்கான பாகங்கள் உலகில் எங்குமே கிடைக்கவில்லை என்றார். கிடைக்காமல் போனவற்றுக்குப் பதில் சொல்ல ஒரு கூட்டம் கிளம்பியிருக்கிறது. பழைய கிளாசிக்கைத் திறந்து, சுழலும் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் மெமரி கார்டைப் பொருத்திக்கொள்கிறார்கள். பாகத்துக்காக ரிச்சி தெருவில் அலைகிறார்கள், இல்லையென்றால் வெளிநாட்டிலிருந்து தருவிக்கிறார்கள். 1 டி.பி.க்கும் போகிறார்கள். ஆறேகால் பாலு. இனி நிரப்ப முடியாதே என்று எதிர்க்கட்சி கைகொட்டிச் சிரிக்கும் நேரத்தில்தான் ஆப்பிள் லாஸ்லெஸ் என்ற கோப்பு வடிவம் வந்து சேர்கிறது. ஒலியில் ஒரு துளியும் விடாமல் காப்பதால் 128 கிலோபிட்டைப் போல ஆறேழு மடங்கு இடத்தைத் தின்னும். ஆறேகாலை ஆறேழால் வகுத்தால் பழையபடி ஒரே பாலு, பெட்டி மறுபடியும் நிறைந்துவிட்டது. ஆதலால் மயிலாப்பூரில் இப்போது பழைய கேசட்டுகள் பரணிலிருந்து இறங்குகின்றன. 1980-இல் ரேடியோவிலிருந்து பதிந்த பைரவி, உயர்தர லாஸ்லெஸ்ஸாக மாறுகிறது. கேசட்டைத் திருப்பிப் போட்ட அந்த அரை நிமிடம் நிரவலில் காணாமல் போயிருக்கும், அதை எந்தத் தொழில்நுட்பமும் மீட்காது. ஆனால் அடுக்களையில் குக்கர் விட்ட மூன்று விசிலும், நான்காவதுக்கு முன் "யாராவது அடுப்பை அணையுங்கோளேன்" என்று தாத்தா தாளம் தப்பாமல் கத்தியதும், ஒரு துளிகூடச் சேதமில்லாமல் கேட்கும்.